உள்ளுக்கு வரலாமா

மீராசா, விற்பதற்கு நெய்த சாரன்களின் பொதியைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்ட அன்று, தறிக்கொட்டிலின் மேற்குப் பக்கத்துத் தென்னோலைக் கிடுகு வேலியில் ஒரு பொத்தல் இருந்தது. ஒரு தலை நுழையலாம். மாடு தின்றதோ, மழையில் உக்கிப் போனதோ, அவன் பெண்சாதி ஹாஜறா அதை இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வந்து கட்டுறன்" என்றான் அவன். ஆண்பிள்ளைகள் சொல்லும் 'வந்து' எத்தனை தூரத்து 'வந்து' என்று மருதமுனைப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளும் அதற்கு மேல் நச்சரிக்காமல் விட்டுவிட்டாள்.

அது மார்கழி மாதம். சாகாமம் பக்கத்து வயல்காரர்களிடம் சாரனைக் கொடுத்துவிட்டு, வெள்ளாமை வெட்டியதும் நெல்லாக வாங்கிக்கொள்வது அவன் வருஷந்தோறும் செய்கிற வியாபாரம். அந்த ஐம்பத்தேழாம் வருஷம் மழை வேறு மாதிரிப் பெய்தது. விட்டு விட்டுப் பெய்தால் மனிதர் ஒதுங்கி நின்று போகலாம். அது விடவே இல்லை. குளக்கட்டுகள் உடைந்தன, பாதைகள் போயின, அக்கரைப்பற்றுக்கு அப்பால் ஊர் எது வயல் எது என்று தெரியாமல் கிடந்தது. தண்ணீர் வடிந்தபோது பொதி மட்டும் ஒரு மருத மரத்தின் கொப்பில் சிக்கியிருந்தது. ஹாஜறா போட்டுவிட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. ஆளையும் காணவில்லை, உடலையும் காணவில்லை.

புருஷன் இறந்து மௌத்தானால் பெண் இத்தா இருப்பாள். வெள்ளைச் சேலை உடுத்து, அந்நிய ஆணின் கண்ணில் படாமல், நாலு மாதமும் பத்து நாளும் அறைக்குள் இருப்பாள். அது முடிந்து வெளியே வரும்போது அழுகைக்கும் ஒரு கரை கிடைத்திருக்கும். ஹாஜறாவுக்கு அந்தக் கரையும் கிடைக்கவில்லை. பள்ளிவாசல் லெவ்வை அச்சிமுகம்மது கடுமையான மனிதரல்ல. நாலு பேரைக் கேட்டு, மார்க்கக் கிதாபையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்து சொன்னார்.

"மையித்தையும் காணல்ல, மௌத்தைக் கண்ட சாட்சியும் இல்ல. உறுதியில்லாம இத்தா இரிக்க ஏலா மகள். பொறுத்திரி."

பொறுத்திருந்தாள். அக்கரைப்பற்றுச் சந்தியில் கண்டேன், பாலமுனைக் கரையில் வலை இழுக்கிறவர்களோடு கண்டேன் என்று யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ஆள் அனுப்பினால் அது வேறு யாரோவாக இருக்கும். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "ஹாஜறா இன்னும் கலர்ச் சேலதான் உடுக்கிறா" என்று சொல்லவும் ஊரில் நாக்குகள் இருந்தன. சேற்றில் ஒரு கால் ஆற்றில் ஒரு கால் என்று நிற்பவளிடம் சேலையின் நிறத்தைக் கேட்கிற ஊரை என்ன செய்வது.

அந்த வீடு ஹாஜறாவுக்குச் சீதனமாக வந்த வீடு. மீராசா அதில் மாப்பிள்ளையாக வந்து ஏறியவன், நல்ல பகிடிக்காரன். வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் வளவு வாசல் கடப்பில் நின்று, குரலைத் தாழ்த்தி, "ஊட்டுக்காரி, உள்ளுக்கு வரலாமா?" என்று கேட்பான். கேட்கும்போதே ஒரு கால் வளவுக்குள் வந்திருக்கும். "வராதீங்க எண்டா நிப்பீங்களா?" என்பாள் அவள். கலியாணம் முடித்த நாளிலிருந்து இதே கேள்வி, இதே மறுமொழி. அவள் தாய் சல்மா உம்மா அடுப்படியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமுவாள்.

மாசி போய், பங்குனி போய், கச்சான் காற்று தொடங்கியது. மேற்கேயிருந்து வயல்வெளியைக் காய்ச்சிக்கொண்டு வருகிற காற்று அது. உதடு வெடிக்கும், நூல் பொசுக்கென்று அறும். வீட்டில் மூன்று பெண்களுக்கும் மூன்று வேலை. சல்மா உம்மா நூலை அவித்துச் சாயம் போட்டு அலசிக் காயவிடுவாள். ஹாஜறா குழிக்குள் காலை விட்டுத் தறியில் இருப்பாள். தங்கை சுல்பிகா, பதினேழு வயது, ராட்டையைச் சுற்றிக் குச்சிகளில் நூல் ஏற்றிக் கொடுப்பாள். தறி ஓடினால் ராட்டை ஓடியாக வேண்டும். அக்காவின் கால் மிதியில் வேகம் பிடித்தால் தங்கையின் கையும் வேகம் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குறுக்கே ஓடுகிற நாடாவில் நூல் தீர்ந்து தறி நின்றுவிடும்.

பொத்தல் இன்னும் அடைபடாமலே இருந்தது. அதைக் கட்டுகிறேன் என்று சொன்னவன் வந்துதான் கட்டவேண்டும் என்று ஹாஜறா மனதுக்குள் வைத்திருந்தாள். பக்கத்து வளவு முனாப் கிடுகோடு வந்தபோதுகூட, "இரிக்கட்டும் தம்பி" என்று அனுப்பிவிட்டாள். அதனால் ஒரு வசதியும் இருந்தது. பொழுது சாயும் நேரம் பொத்தலால் வெயில் நேராக உள்ளே விழும். சுல்பிகா மேற்குப் பார்த்து உட்கார்ந்தால், ராட்டைச் சக்கரத்துக்கு அப்பால் வெயில், நூல் அறுந்தால் உடனே தெரியும்.

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜறா வேகமாக நெய்துகொண்டிருந்தாள். சாரனின் கரை முடிந்து வெறும் உடல் ஓடுகிற பகுதி, யோசிக்காமல் கால் தானாக மிதிக்கும். ராட்டைச் சத்தம் திடீரென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். சுல்பிகாவின் கை சக்கரத்தின் பிடியிலேயே இருந்தது. கண் பொத்தலைப் பார்த்தபடி, இமை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் வாய் திறந்தது. தடித்த, நனைந்த ஒரு குரல் வந்தது.

"ஊட்டுக்காரி... உள்ளுக்கு வரலாமா?"

ஹாஜறாவின் கால் மிதியில் உறைந்துபோனது. குரலின் தாழ்வும், 'ஊட்டுக்காரி'க்குப் பிறகு விடுகிற அந்தச் சின்ன இடைவெளியும் அவனுடையவை. அவள் ஒன்றும் சொல்வதற்குள் சுல்பிகா பக்கவாட்டில் சரிந்து, கைகால் வெட்டி, வாயில் நுரை தள்ளி, பிறகு அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டாள். எழும்பியபோது நாக்கு கடிபட்டிருந்தது. தண்ணீர் கேட்டாள். வேறொன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த நாளும் வந்தது, அதே நேரம். செய்தி வேலி தாண்ட அதிக நேரம் எடுக்கவில்லை. மீராசாவின் றூஹுதான், அவன் ஆவிதான் வந்து நிற்கிறது என்றார்கள் பெண்கள். சிலர் தங்கள் வீட்டுக் காணாமற்போன ஆட்டைப் பற்றியும் கேட்டுச் சொல்லச் சொல்லி வந்தார்கள். லெவ்வை வந்து தண்ணீர் ஓதிக் கொடுத்தார், கறுத்த நூல் கட்டினார்.

"மௌத்தானவன்ட றூஹு இப்பிடி ஊடு ஊடா வந்து கதைக்காது" என்றார் அவர். "ஒவ்வொரு மனிசனோடயும் ஒரு கரீன் இரிக்கி, கூடவே திரியிற ஜின். அதுக்கு அவன்ட கதையும் தெரியும், குரலும் தெரியும். அது விளையாடுது. ஆரும் அதுக்கு மறுமொழி செல்லப்படாது. விளங்கிச்சா ஹாஜறா?"

"ஓம் லெவ்வ."

ஓம் என்றாள். ஆனால் மூன்றாம் தரம் குரல் வந்தபோது "வாங்க" என்று சொன்னது அவள் வாய்தான். பயத்தில் சொன்னாளா, ஆசையில் சொன்னாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சுல்பிகா இளைத்துக்கொண்டு வந்தாள். சூடைமீன் ஆணத்தை ஊற்றி முன்னால் வைத்தால் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே இருப்பாள். கடைசியில் சல்மா உம்மா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கல்முனை ஆசுப்பத்திரிக்குப் போனாள். அங்கே இருந்தவர் டாக்குத்தர் அழகரெத்தினம், மட்டக்களப்பு ஆள். மெலிந்த மனிதர், அவசரப்படாமல் கேட்பவர்.

"எந்த நேரத்தில வாறது?"

"அஸருக்குப் புறகு ஐயா, பொழுது படுற மஃரிபுக்கு முந்தி" என்றாள் சல்மா உம்மா. "ஜின் திரியிற நேரம்."

"அந்த நேரம் பிள்ள எங்க இருப்பா?"

"ராட்டையில."

"முகம் எந்தப் பக்கம்?"

சல்மா உம்மாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. ஹாஜறாதான் சொன்னாள். "மேக்க. வேலியில ஒரு பொத்தல் இரிக்கி. அதால வெயில் விழும்."

டாக்குத்தர் எழுந்தார். பிறகு சுல்பிகாவை சன்னலைப் பார்க்கச் சொல்லி, தன் கைவிரல்களை விரித்து அவள் கண்ணுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டினார். சுல்பிகாவின் இமை படபடத்தது. உதடு அசையத் தொடங்கியது. அவர் சட்டென்று கையை எடுத்து அவள் கண்ணைப் பொத்தினார். ஹாஜறா தன்னை அறியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"பாத்தீங்களா உம்மா. இதுதான்" என்றார் அவர். "மூளைக்குள்ள சின்னச் சின்னதா மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு இடமும் அதது பாட்டில. சில பேருக்கு, வெளிச்சம் இப்பிடி வெட்டி வெட்டிப் பட்டா, எல்லாம் சேந்து ஒரே தாளத்தில அடிக்கத் தொடங்கிரும். அப்ப பிள்ளைக்குத் தன்ர நினைவு இருக்காது. எப்பவோ காதில விழுந்து உள்ளுக்குக் கிடந்தது வாயால வரும். உங்கட ராட்டைச் சக்கரத்தின்ர கம்புதான் வெயில வெட்டுது."

சல்மா உம்மா விடவில்லை. "அப்ப ரிபாயி றாத்திபுல கொட்டுத் தட்டி ஓதக்குள்ள பாவாமாருக்குத் தன்ன மறந்து ஹால் வாற? ஊசியால குத்தினாலும் நோகுதில்லயே ஐயா. அதுவும் வருத்தமா?"

"எங்கட கோயில்லயும் உடுக்குச் சத்தத்தில உருவந்து ஆடுற சனம் இருக்கு. தாளத்தில மூளை எங்க போகுது எண்டு எனக்கு முழுக்கத் தெரியாது உம்மா. அத வருத்தம் எண்டு நான் சொல்லமாட்டன். அவங்க போறாங்க, திரும்பி வாறாங்க. இந்தப் பிள்ள நாக்கக் கடிக்கிறா, விழுறா. இது வருத்தம்."

"அப்ப கதைக்கிற என்ட மருமகன் இல்லியா?"

"அவர்ர சொல்லுத்தான். அவர் இல்ல."

குளிசை கொடுத்தார். இராத்திரிக்கு ஒன்று, ஒரு நாளும் விடக்கூடாது. ராட்டையைக் கிழக்குப் பார்த்துப் போட வேண்டும். பொத்தலை அடைக்க வேண்டும். விட்டால் ஒரு நாள் வலிப்பு வந்து நிற்காமல் போகும், அது உயிருக்கு ஆபத்து. பேச்சை முடித்துவிட்டு அவர் ஹாஜறாவைப் பார்த்துத்தான் கேட்டார். "விளங்கிச்சா தங்கச்சி?"

விளங்கியது, நன்றாகவே விளங்கியது. பஸ்ஸில் திரும்பி வரும்போது தங்கை தோளில் சாய்ந்து தூங்க, ஹாஜறா வெளியே ஓடுகிற தென்னைகளைப் பார்த்தபடி இருந்தாள். மேற்குப் பார்த்த முகம், பொத்தல் வெயில், வேகமாகச் சுற்றுகிற சக்கரம். இது வரையில் அவன் தன் பாட்டில் வந்துபோனான். இனி அவனை அழைக்க அவளுக்கு வழி தெரியும்.

ஆனாலும் ஹாஜறா கெட்டவளல்ல. வந்த அன்றே ராட்டையைத் திருப்பிப் போட்டாள், ஒவ்வோர் இராவும் தன் கையாலேயே குளிசையைக் கொடுத்தாள், பொத்தலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டாள். வலிப்பு நின்றது. சுல்பிகாவின் கன்னத்தில் சதை வைத்தது, முனாப்பின் பெண்சாதியோடு வேலியில் நின்று வாயடிக்கிற பழைய சுல்பிகா திரும்பி வந்தாள். அந்த நேரம் வந்தால் ஹாஜறாவின் காது மட்டும் நூலைப்போல் இழுபட்டு நிற்கும். தறிக்கொட்டில் முழுக்க நாடாவின் சத்தம், வேறொன்றுமில்லை. அவன் காணாமல் போனபோதுகூட இல்லாத மௌனம் அது. இப்போது அவளே சாக்கைத் தொங்கவிட்டு உண்டாக்கிய மௌனம். அதை அவளால் தாங்க முடியவில்லை.

ஒரு கேள்விதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஹயாத்தா, மௌத்தா, உயிரோடு இருக்கிறானா இல்லையா? அதை மட்டும் அவன் சொல்லிவிட்டால் போதும், பிறகு குளிசையை ஒழுங்காகக் கொடுப்பேன் என்று நினைத்தாள். அன்றிரவு குளிசையைக் கையில் எடுத்தவள் அதை நூல் குச்சிப் பெட்டியின் அடியில் போட்டாள். வேறு எதையோ கொடுத்து ஏமாற்றவும் வேண்டியிருக்கவில்லை. "இனி ஒரு நாள் உட்டு ஒரு நாள் போட்டாக் காணுமாம்" என்றாள். சுல்பிகா நம்பினாள். ராத்தா சொன்னால் அவள் எதையும் நம்புவாள்.

"மேக்கவே திரும்பி இரி புள்ள, இங்கால நூல் தெரியுதில்ல" என்று இன்னொரு நாள் சொன்னாள். அதையும் நம்பினாள்.

சல்மா உம்மா அந்த நேரத்தில் கிணற்றடியில் நூல் அலசிக்கொண்டிருப்பாள். ஹாஜறா சாக்கை ஒதுக்கிவிட்டுக் குழிக்குள் இறங்குவாள். முதலில் மெதுவாக மிதிப்பாள். பிறகு வேகம். "கெதியாச் சுத்து, நூல் முடியுது" என்பாள். ராட்டை வேகம் பிடிக்கும். வெயிலைச் சக்கரம் வெட்டி வெட்டித் தங்கையின் முகத்தில் எறியும். சுல்பிகாவின் இமை அடிக்கத் தொடங்கும்போது ஹாஜறாவின் நெஞ்சும் அப்படியே அடிக்கும்.

"ஊட்டுக்காரி... உள்ளுக்கு வரலாமா?"

"வாங்க. எங்க இரிக்கீங்க? செல்லுங்க."

"உள்ளுக்கு வரலாமா?"

"ஹயாத்தோட இரிக்கீங்களா? அத மட்டும் செல்லுங்க."

ஒரு தரம், ஒரே ஒரு தரம், "குளிருது" என்று வந்தது. கச்சான் வெயிலில் கொட்டில் அடுப்புப்போல் கிடந்த நேரம் அது. ஹாஜறா அன்று முழுக்க அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அழுதாள். தங்கைக்குக் காய்ச்சல் காய்ந்து குளிர் பிடித்திருக்கலாம் என்பது அவளுக்கு நெடுநாள் கழித்துத்தான் தோன்றியது.

ஒரு நாள் காலை இருவரும் பழஞ்சோறு தின்றுகொண்டிருந்தபோது சுல்பிகா கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ராத்தா, எனக்குத் திரும்பியும் வருதா?"

"ஏன் கேக்கிறாய்?"

"நாக்கு நோகுது. ராட்டையில இரிந்தன், புறகு பாயில கிடக்கன். நடுவில ஒண்டும் இல்ல." அவள் சோற்றையே பார்த்தாள். "மச்சான் வந்து கதைக்கிறாரு எண்டு எல்லாரும் செல்றாங்க. அவர் எனக்குள்ள வந்தா அந்த நேரம் நான் எங்க போற ராத்தா?"

"நீ எங்கயும் போறல்ல. நித்திர."

"நித்திரயில கனவு வரும். இதில அதுவும் இல்ல. ஊட்ட உட்டு வெளிய தள்ளிக் கதவப் பூட்டினாப் போல." சற்றுப் பொறுத்து, "ஒரு நாளைக்கு நான் திரும்பி வரக்குள்ள எனக்கு எடம் இல்லாட்டி என்ன செய்ற?" என்றாள்.

ஹாஜறா சோற்றுக் கோப்பையை அவள் பக்கம் தள்ளினாள். "பைத்தியக் கதை கதைக்காம தின்" என்றாள். இன்றோடு விடவேண்டும், இராவைக்குக் குளிசையைக் கொடுக்கவேண்டும் என்று உறுதியாகத்தான் நினைத்தாள். ஆனால் இராவுக்கு முன் அஸர் வந்தது.

அன்று காற்று கூடுதலாக இருந்தது. சாக்கை ஒதுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை, காற்றே அதைத் தூக்கிப் போட்டது. கடைசித் தரம் என்று எண்ணிக்கொண்டு ஹாஜறா மிதித்தாள். குரல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தது. "ஊட்டுக்காரி..." என்று தொடங்கிப் பாதியில் நின்று, சுல்பிகா விழுந்தாள். கைகால் வெட்டியது, தளர்ந்தது. ஹாஜறா மூச்சை விடுவதற்குள் திரும்ப வெட்டியது. தளர்ந்த இடைவெளியில் கண் திறந்தது, பொத்தலில் ஆடுகிற சாக்கும் வெயிலும் அந்தக் கண்ணில் விழுந்தன. உதடு நீலம் பாய்ந்து, அதற்குள்ளிருந்து, "வரலாமா... வரலாமா..." என்று வந்தது. மூன்றாம் தரமும் வெட்டத் தொடங்கியது.

ஹாஜறா குழியிலிருந்து எப்படி ஏறினாள் என்று அவளுக்குத் தெரியாது. ஓடிப்போய்த் தன் முதுகால் பொத்தலை அடைத்து நின்றாள். கொட்டில் இருண்டது. முந்தானையை இழுத்து எறிந்து தங்கையின் கண்ணை மூடினாள்.

"வராதீங்க" என்றாள்.

குரல் இன்னும் முனகிக்கொண்டிருந்தது.

"வராதீங்க. இது என்ட ஊடு. நான் ஊட்டுக்காரி செல்றன், உள்ளுக்கு வராதீங்க. என்ட தங்கச்சி வரணும். அவள்ற எடத்த உடுங்க." பிறகு, வெயில் முதுகைச் சுட்டுக்கொண்டிருக்க, "உம்மா" என்று கூப்பிட்டாள்.

முனாப் ஓடிப்போய்க் கார் பிடித்துவந்தான். வலிப்பு வழியெல்லாம் விட்டு விட்டு வந்தது. ஆசுப்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. டாக்குத்தர் அழகரெத்தினம் வெளியே வந்து கேட்டார், "குளிசை ஒழுங்காக் குடுத்தீங்களா?"

"ஓம் ஐயா, ஒரு நாளும் உடல்ல. மூத்தவதான் குடுக்கிற" என்றாள் சல்மா உம்மா.

"குடுக்கல்ல" என்றாள் ஹாஜறா.

டாக்குத்தர் அவளைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவர் திரும்பி உள்ளே போனார்.

சல்மா உம்மா அன்று முழுக்க மூத்த மகளோடு பேசவில்லை. அடுத்த நாள் ஆசுப்பத்திரி வேப்பமரத்தடியில், கொண்டுவந்த ரொட்டியைப் பிய்த்து அவள் கையில் வைத்தாள்.

"உன்ன என்னெண்டு ஏசிற?" என்றாள். "நானும் அந்த நேரம் வாளியக் கிணத்துக்குள்ள உடாம நிண்ட நான். சத்தம் போட்டா அவர்ர குரல் கேக்காதெண்டு."

தாயும் மகளும் அந்த ரொட்டியைத் தின்று முடித்தார்கள்.

சுல்பிகா பிழைத்து வந்தாள். ஆனால் வலது கை பழைய கையாக வரவில்லை. அறுந்த நூலை முடிபோடப் போனால் விரல் எதையோ மறந்ததுபோல் நடுவில் நிற்கும். அவள் அதைப் பார்த்துச் சிரிப்பாள், மற்றக் கையால் அந்த விரலுக்கு ஒரு அடி கொடுப்பாள். ஹாஜறாவால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாது, எழுந்து போய்விடுவாள்.

ஒரு பொழுது சாயும் நேரம், வீட்டில் யாருமில்லாதபோது, ஹாஜறா ராட்டையை மேற்குப் பார்த்துப் போட்டுத் தானே உட்கார்ந்தாள். சக்கரத்தைச் சுற்றினாள். வெயில் வெட்டி வெட்டி முகத்தில் விழுந்தது. கண் கூசியது, தண்ணீர் வந்தது, தலை வலித்தது. வெயில் வயலுக்குள் இறங்கும் வரைக்கும் சுற்றினாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அவனுடைய சொல் எல்லாம் அவளுக்குள்ளும் கிடக்கிறதுதான், ஆனால் அவள் மூளைக்கு அப்படித் திறக்கத் தெரியாது. அவனை இனி அவள் நினைக்கலாம், கேட்க முடியாது.

அதற்கு அடுத்த நாள் லெவ்வைக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்து முற்றத்தில் நின்றார். அவள் கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள்.

"நான் இத்தா இரிக்கப் போறன் லெவ்வ."

"மையித்துக் கிடைச்சிட்டா?"

"இல்ல."

"சாட்சி?"

"அவர் உசிரோட இரிக்கக்குள்ள உள்ளுக்கு வரலாமா எண்டு கேக்கிற பகிடிக்கு. கேட்டுக்கிட்டே கால வெச்சிருவார், என்ட மறுமொழிக்கு ஒரு நாளும் நிண்டதில்ல. இது நிண்டிச்சு லெவ்வ. எத்தினயோ தரம் வாங்க எண்டு செல்லியும் வெளிய நிண்டே கேட்டிச்சு. வர ஏலாத ஆள்தான் அப்பிடி நிக்கிற."

"அது கரீன் எண்டு நான் செல்லினன். டாக்குத்தர் புள்ளட மூளை எண்டு செல்லினாராம். ரெண்டில எது எண்டாலும் மீராசா இல்லயே மகள், சாட்சி செல்ல."

"ரெண்டில எது எண்டாலும் அவர் இல்லத்தானே" என்றாள் ஹாஜறா. "உசிரோட இரிந்தா என்ட தங்கச்சிட தலைக்குள்ள என்னத்துக்கு வந்து நிக்கிற? கடப்பாலதானே வருவார்."

லெவ்வை தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் போட்டார். "மார்க்க வழக்குப் பாக்கிற காழியார் என்ன செல்றாரெண்டு நான் கேக்கிறன். அது ஆறுதலா வரட்டும். உன்ட நெஞ்சில, கல்பில உறுதியெண்டா நீ இரி மகள்" என்றார். போகும்போது கடப்பில் நின்று துஆ ஓதினார்.

வெள்ளைச் சேலை வந்தது. இத்தா இருக்கிற வளவில் வெளி ஆணின் பார்வை படக்கூடாது என்று முனாப் புதுக் கிடுகு கொண்டுவந்து மேற்குப் பக்கத்தை முதலில் கட்டினான். அரை நாள் வேலைகூட இல்லை. பொத்தல் இருந்த இடமே தெரியவில்லை. மார்கழியிலேயே இத்தா இருந்திருந்தால் அப்போதே அது அடைபட்டிருக்கும், தங்கையின் கண்ணில் அந்த வெயில் விழுந்தே இருக்காது. ஹாஜறா அறைக்குள் இருந்து கிடுகு கட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இதை நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அறைக்குள் வருகிறவர்கள் வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும். சல்மா உம்மா செருமுவாள், அயல் பெண்கள் சலாம் சொல்வார்கள். இத்தாவின் முதல் நாள், அஸர் தொழுது முடித்து ஹாஜறா பாயில் இருந்தாள். அயல் வளவுகளில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் மறைப்பாகத் தொங்கிய சேலைக்கு வெளியே காலடிச் சத்தம் வந்து நின்றது.

"ராத்தா, உள்ளுக்கு வரலாமா?"

சொல் அதே சொல். வலிப்பில் மச்சான் கதைத்தார் என்பது தவிர, தன் வாயில் வந்த சொல் எது என்று சுல்பிகாவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாதென்று ஹாஜறாதான் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். கையை நீட்டி வாசல் சேலையை ஒதுக்கினாள்.

சுல்பிகா நின்றாள். இடது கையில் சோற்றுக் கோப்பை, வலது கை அதற்கு அடியில் சும்மா முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஹாஜறா அவள் கண்ணைப் பார்த்தாள். இமை அடிக்கவில்லை. இரண்டு கண்ணுக்குள்ளும் சுல்பிகாதான் இருந்தாள். மறுமொழி வராததால் உள்ளே காலை வைக்காமல் அப்படியே காத்துக்கொண்டு நின்றாள்.

"சோறு ஆறுது ராத்தா. வரவா, வேணாமா?"

"வா" என்றாள் ஹாஜறா. "வா புள்ள. உள்ளுக்கு வா."